காலண்டருக்குப் பின்னால் இருந்த ஜன்னல்

விசாரணைக் குழுவின் முன் நான் பொய் சொன்னேன். கடலுக்கு மேலே இரண்டு விமானங்கள் ஒன்றோடொன்று மோதப் பார்த்ததற்குக் காரணம் நான். "ரேடியோ அறையில் இருந்தவர் சொன்னதை நம்பித்தான் செய்தேன்" என்று சொல்லி, பழியை அவர் தலையில் இறக்கிவைத்துவிட்டு எழுந்து வந்தேன். மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனேன். பிறகு பதவி உயர்வும் வாங்கினேன். உங்களில் சிலருக்குப் பாடம் நடத்தியதும் இதே வாய்தான்.

உங்கள் விமானக் கட்டுப்பாட்டு நிலையத் தலைவர் என்னிடம் படித்தவர். "பிள்ளைகளுக்குப் பயன்படுகிற மாதிரி அனுபவம் ஏதாவது எழுதிக் கொடுங்கள் சார்" என்றார். புயல் நாளில் விமானங்களை வரிசையாக இறக்கிய கதை, விமானி நன்றி சொன்ன கதை என்று எதையோ எதிர்பார்த்திருப்பார். அப்படிப்பட்ட கதைகளும் என்னிடம் உண்டு. தேநீர் வாங்கிக் கொடுத்தால் சொல்கிறேன். பாதி உண்மையாக இருக்கும்.

முதலில் அந்தக் காலத்து வேலை எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். உங்களுக்குக் கடலுக்கு மேலேயும் விமானம் திரையில் தெரிகிறது. பெயர், உயரம், வேகம் எல்லாவற்றையும் அதுவே எழுதிக் காட்டுகிறது. இரண்டு நெருங்கினால் சிவப்பாகிக் கத்துகிறது. அது கத்தாத நேரத்தில் நீங்கள் மதியச் சாப்பாட்டுக்கு எந்தக் கடையில் ஆர்டர் போடலாம் என்று விவாதிப்பதை நான் பார்த்திருக்கிறேன். குறை சொல்லவில்லை. எங்களுக்கு அந்த வசதி இருந்திருந்தால் நாங்களும் அதைத்தான் செய்திருப்போம்.

எங்களுக்குக் கடல் என்பது இருட்டறை. கரையிலிருந்து கொஞ்ச தூரம் போனதும் விமானம் ரேடாரிலிருந்து மறைந்துவிடும். அதன் பிறகு விமானி ரேடியோவில் தான் இருக்கும் இடத்தையும் உயரத்தையும் சொல்வார். அதைக் கேட்பவர் பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கும் ரேடியோ ஆபரேட்டர். அவர் என்னிடம் சொல்வார். விமானத்துக்கு ஒன்றாக என் பலகையில் இருக்கும் சீட்டுகளை நான் நகர்த்துவேன். நான் விமானியிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றாலும் அதே ஆபரேட்டர் வழியாகத்தான். அவர் சொல்வார், விமானி அதைத் திருப்பிச் சொல்வார், அவர் எனக்குச் சொல்வார். விமானி திருப்பிச் சொல்லாதவரை அது சொன்னதாகக் கணக்கில் வராது. ஆயிரம் விதிகளுக்கும் தாய் விதி அதுதான்.

இரண்டு அறைகளுக்கும் நடுவில் ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. முன்பு சீட்டுகளைக் கைமாற்ற வைத்தது. பிறகு இன்டர்காம் வந்தது. அதில் பேசுவதெல்லாம் பதிவாகும். அதனால் ஜன்னலை இனி உபயோகிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். எங்கள் மேற்பார்வையாளர் அதிலும் ஒரு படி மேலே போய், ஜன்னலை மறைத்து என் பக்கச் சுவரில் நகைக்கடைக் காலண்டர் ஒன்றை மாட்டிவைத்தார். வங்கக் கடலின் பாதுகாப்பு அன்றிலிருந்து அந்தக் காலண்டரை நம்பியிருந்தது.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது ரெங்கன். முழுப் பெயர் ரெங்கமன்னார். ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த வன்னியம்பட்டிக்காரன். நான் ராஜபாளையம். அரை மணி நேர பஸ் தூரத்தில் பிறந்த இரண்டு பேர், ஊரை விட்டு வெகு தூரத்தில் அடுத்தடுத்த அறையில் மாட்டிக்கொண்டால் என்ன நடக்கும்? காலண்டர் தூக்கப்படும். அதுதான் நடந்தது. இன்டர்காமில் இங்கிலீஷ், ஜன்னலில் நம்மூர்ப் பேச்சு. கோடையில் நான் சப்பட்டை மாம்பழம் தள்ளுவேன், அந்தப் பக்கமிருந்து பால்கோவா வரும். இன்டர்காமில் அதெல்லாம் முடியுமா?

கேலிதான் எங்கள் பொழுதுபோக்கு. நான் எதையாவது இரண்டாம் முறை கேட்டால் போதும், ரெங்கன் ஆரம்பித்துவிடுவான்.

"ஒங்க ஊர் நாய்ல பாதிக்குக் காது கேக்காதும்பாகளே அண்ணாச்சி. ஆளுகளுக்குமா?"

"எங்க ஊர் நாய்க்குக் காது கேக்கலன்னாலும் காரியம் நடக்கும்லே. ஒங்க ஊர்த் தேர் மாதிரியா? இழுத்தாத்தானே நகரும்."

"இழுத்தாலும் வடம் பிடிக்கிற ஆளு சரியா இருக்கணும்லா. ராஜபாளையத்துக்காரக வந்து பிடிச்சா எங்குட்டு நகரும்?"

என் அறையில் இருந்த மற்றவர்களுக்கு மொழி பாதி புரியாது. ஆனாலும் சிரிப்பார்கள். கேலி பேசுவதில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இனி வருகிற காரியத்தில் அதற்கும் பங்கு உண்டு.

அது பருவமழைக் காலத்து மத்தியானம். கடலெங்கும் இடி மேகம். ரேடியோவில் ஒரே இரைச்சல். சரக்கு விமானம் ஒன்று முப்பத்து மூவாயிரம் அடியில் கிழக்கே போய்க்கொண்டிருந்தது. அதன் பாதையைக் குறுக்காகக் கடக்க ஒரு பயணிகள் விமானம் தெற்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. இது கீழே, முப்பத்தொன்றில். மேகத்துக்குள் பலமாகக் குலுங்குகிறது, முப்பத்து மூன்றுக்கு ஏற அனுமதி வேண்டும் என்று அதன் விமானி கேட்டார். கேட்டார் என்ன, கெஞ்சினார். நான் சரக்கு விமானத்தை முப்பத்தைந்துக்கு ஏறச் சொன்னேன். அது ஏறிவிட்டால் முப்பத்து மூன்றில் இடம் காலியாகிவிடும். கணக்கு சரி. அதில் இன்றைக்கும் தப்பில்லை.

காலண்டரைத் தூக்கினேன்.

"ஏலே ரெங்கா, சரக்குக்காரன் ஏறிட்டானா?"

"சொல்லிட்டேன் அண்ணாச்சி. பதில் வரல. ஒரே இரைச்சலாக் கெடக்கு."

"சொல்லிட்டேல்ல? பொறவு என்ன?"

"நான் சொன்னது எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியணும்லா?"

இந்த ஒரு வரியை உங்கள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைத்துக்கொள்ளலாம். நான் அன்று அதைக் காதில் வாங்கவில்லை. பயணிகள் விமானம் மறுபடியும் கேட்டது. ஜன்னல் வழியே கேட்ட குரலில் எரிச்சல் ஏறியிருந்தது. என் பின்னால் இரண்டு மூன்று பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எம்புட்டு நேரம்லே? ஒங்க ஊர்த் தேர் நிலைக்கு வந்தாக்கூட ஒன்கிட்டேருந்து பதில் வராது போலயே!"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ரெங்கனும் சிரித்தான். வழக்கமாக உடனே எங்கள் ஊர் நாயை இழுப்பான். அன்று இழுக்கவில்லை.

"செத்த நேரம் பொறுங்க அண்ணாச்சி. இன்னொருக்கா கூப்பிட்டுப் பாக்கேன்."

"அங்க ஒருத்தன் குலுங்கிச் சாகுதான். சரக்குக்காரன் ஏறியிருப்பான்லே. நீ இவனுக்கு முப்பத்திமூணக் குடு. நான் பாத்துக்கிடுதேன்."

"அண்ணாச்சி..."

"குடுலே. பயந்தாங்கொள்ளி."

காலண்டரை விட்டேன். அது சுவரில் அடித்துக்கொண்டு நின்றது. ரெங்கன் அந்தப் பக்கம் மைக்கைப் பிடித்து, பயணிகள் விமானத்துக்கு முப்பத்து மூவாயிரத்தைக் கொடுத்தான். அந்த விமானி மட்டும் அழகாகத் திருப்பிச் சொன்னார், நன்றியோடு.

சரக்கு விமானத்துக்கு நாங்கள் சொன்னது எட்டவே இல்லை. அது அதே உயரத்தில், அதே பாதையில், யாரும் எதுவும் சொல்லவில்லை என்ற நிம்மதியோடு போய்க்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து ரேடியோ அறையின் ஒலிபெருக்கியிலிருந்து ஒரு குரல் கேட்டது. நாம் பழக்கிவைத்திருக்கும் வார்த்தை எதுவும் அதில் இல்லை. ஒரு மனிதன் போட்ட சத்தம், அவ்வளவுதான். மேகத்துக்குள் இரண்டு விமானங்களும் ஒரே இடத்துக்கு வந்துவிட்டன. உள்ளே இருந்த கருவிகள்தாம் ஒன்றுக்கு ஏறு என்றும் மற்றதற்கு இறங்கு என்றும் கத்தியிருக்கின்றன. இரண்டு விமானிகளும் கருவி சொன்னதைக் கேட்டார்கள். அதனால் பிழைத்தார்கள். ஒரு விமானி, மற்ற விமானத்தின் வயிற்றில் இருந்த கறையைப் பார்த்ததாகப் பிறகு சொன்னார்.

பயணிகள் விமானத்தில் பெல்ட் போடாமல் இருந்தவர்கள் கூரையில் மோதி விழுந்தார்கள். ஒரு பணிப்பெண்ணுக்குக் கழுத்தில் பலத்த அடி. அவர் மறுபடி வேலைக்கு வந்தாரா என்று நான் விசாரிக்கவே இல்லை. விசாரித்தால் தெரிந்துவிடுமே என்ற பயம்.

காலண்டர் அசைந்தது. அந்தப் பக்கமிருந்து ஒரு கை அதை விலக்கியது. ரெங்கனின் முகம் மட்டும் தெரிந்தது. நான் எழுந்து போய்க் காலண்டரைச் சரியாக மாட்டினேன்.

விசாரணை நடந்தது. பதிவில் இருந்தது இவ்வளவுதான்: சரக்கு விமானத்துக்குச் சொன்னது, பதில் வராதது, பயணிகள் விமானத்துக்குக் கொடுத்தது. பதில் வராமலே கொடுக்கச் சொன்னது யார்? இன்டர்காமில் ஒரு வார்த்தை இல்லை. ஜன்னலில் பேசியதற்குப் பதிவு ஏது? என் பின்னால் நின்றவர்களைக் கேட்டார்கள். "அவர்கள் ஊர் பாஷையில் ஏதோ சிரித்துப் பேசினார்கள், புரியவில்லை" என்றார்கள். அதுவும் உண்மை.

"பதில் வந்துவிட்டது என்று ஆபரேட்டர் சொன்னாரா?" என்று என்னைக் கேட்டார்கள்.

"ஆமாம்" என்றேன்.

யோசித்துச் சொன்னதா, பயத்தில் சொன்னதா என்று இப்போது நான் வக்கீல் வேலை பார்க்கப் போவதில்லை. யோசித்துத்தான் சொன்னேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதே வாக்கியத்தை மனத்துக்குள் நாலு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அவ்வளவு ஒழுங்காக எந்த விமானிக்கும் நான் எதையும் சொன்னதில்லை.

ரெங்கன் நடந்ததைச் சொன்னான். நான் பட்டதாரி, அதிகாரி, பெயர் எடுத்தவன். என்னை நம்பினார்கள். அவனை ரேடியோவிலிருந்து எடுத்து, வேறு ஊரில் சாமான் அறைக்கு அனுப்பினார்கள். சில வருடம் பல்பும் துடைப்பமும் எண்ணிக் கொடுத்துவிட்டு, வேலையை விட்டு வன்னியம்பட்டிக்கே போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன்.

நான் ஓய்வு பெற்று ராஜபாளையம் வந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஏதாவது வேலை இருந்தால் மதுரை பஸ்ஸில் ஏறிப் போவேன், இறங்கியதும் காரியத்தை முடித்துத் திரும்பிவிடுவேன். வன்னியம்பட்டிப் பக்கம் தலை வைத்துப் படுத்ததில்லை. இப்படியே காலத்தை ஓட்டியிருப்பேன். சலூன்காரர் ஒருவர் கெடுத்துவிட்டார்.

நான் விமானத் துறையில் இருந்தவன் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். கத்தரிக்கோலை நிறுத்திக் கேட்டார்.

"அப்ப ஒங்களுக்கு வன்னியம்பட்டி ஏரோப்ளேன்காரரத் தெரியணுமே சார்."

"யாரு?"

"ரெண்டு பிளேனக் கடல்ல முட்ட விடப் பாத்தாராம்லா. என் மாமியா ஊரு அதான். தெருப் பிள்ளைக ரெண்டு கையையும் றெக்கையா விரிச்சுக்கிட்டு வந்து, அவரு முன்னால டமார்னு முட்டிக் காட்டும். அவரும் சிரிச்சுக்கிட்டே போவாரு. நல்ல மனுசன், பாவம். தெரியுமா சார்?"

"தெரியாது" என்றேன்.

தலையில் பாதி வெட்டியும் பாதி வெட்டாமலும் இருந்தது. இல்லையென்றால் எழுந்து போயிருப்பேன். கண்ணாடியில் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. அந்த மனிதர் வேண்டுமென்றே நிதானமாக வெட்டியதுபோல் இருந்தது.

அந்த வாரமே வன்னியம்பட்டிக்குப் போனேன். கையில் ஒரு பை சப்பட்டை மாம்பழம். ரெங்கன் வீட்டு முற்றத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. 'அவன்' என்று இனி எழுதக் கூச்சமாக இருக்கிறது. 'அவர்' என்றே எழுதுகிறேன். என்னை நிமிர்ந்து பார்த்தார், பையைப் பார்த்தார்.

"வாங்க அண்ணாச்சி. ஜன்னல்லாம் இங்க இல்ல. வாசல் வழியாவே வரலாம்."

உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று பஸ்ஸில் யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. அது நல்லதற்குத்தான். யோசித்து வைத்த வாக்கியத்தால்தானே இத்தனையும்.

"ரெங்கா, நீ பதில் வரலன்னுதான் சொன்னே. நான்தான் குடுக்கச் சொன்னேன். விசாரணையில பொய் சொல்லிட்டேன்."

குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ரெங்கன் தேங்காயைக் கீழே வைத்தார்.

"இரைச்சலா இருக்கு அண்ணாச்சி. நான் திருப்பிச் சொல்லுதேன், சரியான்னு பாருங்க" என்றார். பிறகு குரலை உயர்த்தினார். அடுத்த தெருவுக்குக் கேட்கும் குரல். ரேடியோக்காரர்களுக்கே உரிய குரல், எழுத்தெழுத்தாக.

"பதில் வரலன்னு ரெங்கமன்னார் சொன்னான். அப்படியும் குடுக்கச் சொன்னது நீங்க. விசாரணையில, பதில் வந்துட்டதா ரெங்கமன்னார் சொன்னான்னு சொன்னது பொய். சரியா?"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அவர் மனைவி செண்பகம் ஈரக் கையோடு நிலைப்படிக்கு வந்து நின்றார்.

"சரியான்னு கேட்டேன் அண்ணாச்சி."

"சரி" என்றேன்.

ரெங்கன் மறுபடி தேங்காயை எடுத்துக்கொண்டார். "ஆனா மைக்கப் பிடிச்சது நான்தானே. நீங்க சொன்னா நான் ஏன் குடுத்தேன்? பயந்தாங்கொள்ளின்னுட்டீகளேன்னு குடுத்தேன். அது எனக்குள்ள கெடக்கு. அத நீங்க எடுத்துக்கிட முடியாது."

செண்பகம் என்னைப் பார்த்துத்தான் பேசினார். சத்தம் போடவில்லை.

"எங்கப்பாவுக்கு மருமகன் பிளேனோட பேசுற வேலைன்னா அம்புட்டுப் பெருமை. பஸ்ல பக்கத்துல இருக்கறவுககிட்டக்கூடச் சொல்லுவாக. அதுக்குப் பொறவு சாகுற வரைக்கும் இவுககிட்ட பிளேனப் பத்தி ஒரு வார்த்த கேக்கல. இத அவுக இருக்கும்போது வந்து சொல்லியிருக்கலாமே."

மாம்பழப் பையை அப்போதுதான் கீழே வைத்தேன்.

"அவுகளுக்குக் காப்பி போடவா?" என்று தன் கணவரைக் கேட்டார். என்னைக் கேட்கவில்லை.

"போடு. சீனி கொறைச்சுப் போடு. ஏற்கெனவே ரொம்ப இனிக்க இனிக்கப் பேசுறவுக" என்றார் ரெங்கன்.

செண்பகம் சிரிக்கவில்லை. காப்பி வந்தது. சீனியே இல்லை. முழுவதையும் குடித்தேன்.

அதன் பிறகு உங்கள் நிலையத்துக்கு வந்து, நடந்ததைச் சொல்லி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பழைய கோப்பு இருக்குமா என்பதே சந்தேகம் என்றார்கள். குழுவில் இருந்தவர்களில் ஒருவரும் இப்போது இல்லை. ரெங்கன் இழந்த வேலையை யாரும் திருப்பித் தர முடியாது. சலூனுக்கும் போனேன். முடி வெட்ட ஒன்றுமில்லை, சொல்வதற்காகவே போனேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. நண்பனைக் காப்பாற்றப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். "நீங்களும் நல்ல மனுசன் சார்" என்று வேறு சொன்னார். பொய்யை ஒரே வார்த்தையில் நம்பவைத்தவனுக்கு உண்மையை நம்பவைக்க மூன்று முறை போக வேண்டியிருந்தது. நான்காவது முறை முடி வெட்டப் போனபோது அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. அப்போது நம்பிவிட்டார் என்று தெரிந்துகொண்டேன்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது அதிகம் இல்லை. உங்கள் நிலையத்திலும் எங்கோ ஒரு ஜன்னல் இருக்கும். இப்போது அது கைபேசியில் ஒரு குழுவாக இருக்கலாம், தேநீர் இயந்திரத்துக்குப் பக்கத்து மூலையாக இருக்கலாம். அதில் மாம்பழம் தாராளமாகக் கொடுத்து வாங்குங்கள். உயரம் கொடுக்காதீர்கள். 'இன்னும் பதில் வரவில்லை' என்று ஒருவர் சொல்லும்போது உங்களுக்கு நல்ல கேலி ஒன்று தோன்றினால், அதை வேலை முடிந்த பிறகு சொல்லுங்கள். அப்போதும் சிரிப்பார்கள்.

அன்று வன்னியம்பட்டியிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையம் வரை ரெங்கன் தன் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டார். வழியில் ஒரு பையன் எங்களைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தான். ரெங்கன் ஹாரன் அடித்தார். நான் பின்னால் உட்கார்ந்து அவர் சட்டையைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். தள்ளித் திறந்தேன். கீழே ரெங்கன் நின்றிருந்தார்.

"வீடு போய்ச் சேந்ததும் போன் போடுங்க அண்ணாச்சி. சேந்த பொறவு. சேந்துருவேன்னு இப்பமே சொல்லிராதீக."

வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டேன். அதைத்தான் சொல்ல வந்திருந்தேன்.

ராஜபாளையத்தில் இறங்கி, வீட்டுக்குள் போய், செருப்பைக் கழற்றிவிட்ட பிறகுதான் அழைத்தேன். எடுத்தது செண்பகம்.

"வீட்டுக்கு வந்து சேந்துட்டேன்மா. ரெங்கன்கிட்ட சொல்லிரு."

போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. வைத்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"வீட்டுக்கு வந்து சேந்துட்டீக" என்றார் செண்பகம். "சொல்லிருதேன்."